நடக்காத தேர்தலுக்கு நின்றவள்

எங்கள் வீட்டில் எனக்கு ஓட்டுப் போடக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். என் கணவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். அந்த நாட்டு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். மகளுக்கும் அதே குடியுரிமை. கல்யாணமாகி பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். எனக்கும் கிடைத்திருக்கும். கல்யாணமான புதிதில் அதற்காகக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. பிறகு குழந்தை, பிறகு வேலை, அப்படியே விட்டுப்போயிற்று. பிரான்சில் அதிபர் தேர்தல் வந்தால் அவர் சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஓட்டுப் போடக் கிளம்புவார். நான் கேட்வரை வந்து அனுப்பிவைப்பேன். இங்கே சட்டசபைத் தேர்தல் வந்தால் அவர் எனக்கு அதையே செய்வார். இப்படி ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு சொல்தா வீடு என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே நான் சொல்தா வீட்டம்மா. ஆனால் பென்ஷனை நம்பி உட்காரப் பிடிக்காமல், கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் பல வருடம் வேலை பார்த்தேன். அந்த வேலையில் முதல் நாளே சொல்லித்தருவது, வந்தவரிடம் முடியாது என்று சொல்லக்கூடாது என்பதுதான். ஏ.சி. ஓடவில்லையா? பார்க்கிறேன் சார். கடல் தெரிகிற அறை வேண்டுமா? பார்க்கலாம் மேடம். சொல்லிச் சொல்லி அது வாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை.

கொரோனா வந்ததும் ஓட்டலை மூடினார்கள். முதல் வருடம் எப்படியோ போயிற்று. இரண்டாவது அலையில்தான் என் போன் அடிக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை. ஓட்டலுக்கு டாக்சி ஓட்டுகிற டிரைவர்கள் எல்லோரும் எனக்குப் பழக்கம். ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார். எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று நானே ஒவ்வொரு இடமாகப் போன் போட்டுக் கேட்டேன். ரிசப்ஷனில் உட்கார்ந்து வேறு ஓட்டலில் அறை கேட்கிற மாதிரிதான். அன்றைக்கு அவருக்குப் படுக்கை கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், என் நம்பர் தெருத் தெருவாகப் போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் இரண்டு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் பக்கத்தில் டீ கொண்டுவந்து வைப்பார், ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போவார்.

சிலர் பிழைத்தார்கள். சிலர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்கள் நன்றி சொன்னார்கள். பிழைக்காதவர்களின் வீட்டாரும் நன்றி சொன்னார்கள். அது ஏன் என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அலை தணிந்து, மூன்றாவது வரப்போகிறது என்று டிவி பயமுறுத்திக்கொண்டிருந்த நாட்களில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. எங்கள் ஊரில் அந்தத் தேர்தல் நடந்து எத்தனையோ காலமாயிற்று. கவுன்சிலர் என்றால் என்ன என்றே இளசுகளுக்குத் தெரியாது. ஒரு காலையில் டீக்கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர், இன்னும் சிலர் மாஸ்க்கோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

“யம்மா, நீங்க நில்லுங்க” என்றார் டீக்கடைக்காரர்.

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். தள்ளி நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டடி பின்னால் போனேன்.

“அதில்லம்மா. எலெக்‌ஷன்ல. நம்ம வார்டு லேடீஸ் வார்டா போட்டுட்டாங்க.”

“நானா? எனக்கு இன்னா தெரியும்?”

“யாருக்குத்தான் தெரியும்? நீங்க போன் பேசுறீங்கல்ல, அது போதும்” என்றார் எதிர்வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாதங்களாகியும் அவர் ஒரு வாக்கியம் பேசிவிட்டு மூச்சு வாங்கினார். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

“பாக்கலாம்” என்றேன்.

அவர்கள் கைதட்டினார்கள். நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே வந்து கணவரிடம் சொன்னேன். அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“நீ மேர் ஆவப்போறியா?” என்றார். சேர்மனை அவர் தலைமுறைக்காரர்கள் இன்னும் மேர் என்பார்கள்.

“மேர் இல்லங்க. கவுன்சிலர்.”

“நில்லு. ஆனா என் ஓட்ட நம்பாத” என்று சிரித்தார். பிறகு கடலையை ஒதுக்கிவிட்டு, ஒரு பெரிய தாளை எடுத்துவந்து வார்டுக்கு வரைபடம் போட உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்துப் புத்தி. மாலைக்குள் எந்தச் சந்து எங்கே முட்டுகிறது, எந்த வாய்க்கால் எங்கே வளைகிறது என்பதெல்லாம் அதில் வந்துவிட்டது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் வீட்ல அடைஞ்சு கெடந்து போரடிக்குது, அதான்” என்றாள். அவள் சொன்னது சரியா, இல்லையா என்று அன்று இரண்டு மூன்று தடவை யோசித்தேன்.

மனுத் தாக்கல் செய்யப் போன இடத்தில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துச் சூடு பார்த்தார்கள். வெயிலில் நடந்து வந்ததால் அது கத்தியது. ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள், கத்தவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற கணவரைப் பார்த்தார்.

“சாரு பிரெஞ்சு நேஷனலா?”

“ஆமா சார்.”

“நீங்க?”

“நான் இந்த ஊரு சார்.”

“சாரும் இந்த ஊருதானம்மா?”

“ஆமா சார். ஆனா இல்ல.”

அவர் நல்ல மனிதர். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் கணவருக்குக் கோபம். “ஆமா, ஆனா இல்லன்னா இன்னா அர்த்தம்?” என்றார். எனக்கும் தெரியவில்லை.

ஓட்டுக் கேட்கப் போனதுதான் பெரிய கூத்து. சின்னம் இன்னும் ஒதுக்கவில்லை. முகத்தில் மாஸ்க். கையெடுத்துக் கும்பிட்டு, “நான்தான் நிக்கிறேன்” என்பேன். “எந்தச் சின்னம்?” என்பார்கள். “இன்னும் குடுக்கல” என்பேன். “நீங்க யாரு?” என்பார்கள். மாஸ்க்கை இறக்கிக் காட்டலாமா என்றால் பயந்து கதவைச் சாத்துவார்கள். ஆகவே கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சிரிக்கப் பழகினேன்.

ஒரு வீட்டில் ஒரு அம்மா என் கையைப் பிடிக்க வந்து, கொரோனா ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டு, “ஒங்களுக்குத்தாம்மா எங்க வீட்டு ஓட்டு எல்லாம். அந்த நேரத்துல நீங்க குடுத்த அரிசிய மறக்கவே மாட்டேன்” என்றாள். நான் யாருக்கும் அரிசி கொடுத்ததில்லை. “அது நான் இல்லிங்க” என்றேன். “இதான் ஒங்க கிட்ட எங்களுக்குப் புடிச்சது. செஞ்சத சொல்லிக்க மாட்டீங்க” என்றாள். இது ஒரு வீட்டில் இல்லை. நாலைந்து வீடுகளில் அரிசிக்கும் பருப்புக்கும் நன்றி கேட்டேன். நான் மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து, ஒருவேளை காய்ச்சல் கண்டிருந்த நாட்களில் நான் ஏதாவது கொடுத்தேனா என்று கணவரிடம் கேட்டேன். “ஒனக்குக் காய்ச்சலே வரலியே” என்றார்.

விஷயம் சில நாளில் வெளிச்சமாயிற்று. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மளிகைக்கடைத் தகரத்துக்குக் கீழே ஓடி ஒதுங்கினேன். பக்கத்தில் என் உயரத்தில், என்னைப் போலவே கண்ணாடி போட்டு, கத்தரிப்பூ நிற மாஸ்க் கட்டிய ஒரு பெண் நின்றாள். என் மாஸ்க்கும் அதே நிறம். அந்த வாரம் அந்தக் கடையில் அந்த நிறம்தான் இருந்தது. எனக்கு எதிராக நிற்கிறவள் அவள்தான். மகளிர் குழுத் தலைவி. புருஷன் ஒரு கட்சியில் கிளைப் பொறுப்பில் இருந்தான். அதுவரை நாங்கள் பேசியதில்லை.

“அக்கா, நீங்க சொல்தா வீடுதான?” என்றாள். “ஒன்னு கேக்கணும். எங்க போனாலும் எனக்கு டாக்சி அனுப்பினதுக்கு நன்றி சொல்றாங்க. பெட் வாங்கிக் குடுத்ததுக்கு அழுவுறாங்க. நான் யாருக்கும் டாக்சி அனுப்பல.”

“நீங்க அரிசி குடுத்தீங்களா?”

“குழுவுல எல்லாரும் சேர்ந்து குடுத்தோம்.”

“அந்த நன்றிய எல்லாம் நான் வாங்கிக்கினு இருக்கேன்.”

அவள் கண்கள் பெரிதாயின. பிறகு இருவரும் சிரித்தோம். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேலாக, மாஸ்க் நனைகிற அளவுக்குச் சிரித்தோம். மளிகைக்கடைக்காரர் எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனார். எதிரெதிராக நிற்கிறவர்கள் சிரிக்கலாமா என்று அவருக்கும் குழப்பம் வந்திருக்கும். மழை விட்டதும் அவள் இடது பக்கமும் நான் வலது பக்கமும் போனோம். அடுத்த நாளிலிருந்து நான் வெள்ளை மாஸ்க் போட்டேன். அவளும் வெள்ளைக்கு மாறிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம்தான் சுடுகாட்டுப் பாதை விஷயம் வந்தது.

எங்கள் பகுதியில் சுடுகாடு இருக்கிறது. அலை உச்சத்தில் இருந்தபோது பிண வண்டிகள் எல்லாம் முன்தெரு வழியாகத்தான் போயின. அந்தத் தெருக்காரர்கள் அப்போது ஒரு நாள் குறுக்கே கயிறு கட்டி, டிரம்களை உருட்டிவிட்டு வண்டியை நிறுத்தியிருந்தார்கள். இது எனக்குக் காதில் விழுந்த செய்தி. நான் அப்போது போனை விட்டு எழுந்ததில்லை.

முன்தெருவில் ஓட்டுக் கேட்கப் போனபோது, ஆஸ்துமா உள்ள ஒரு சின்னப் பெண்ணின் தாய் என்னை உள்ளே உட்காரவைத்தாள்.

“நாங்க கெட்டவங்க இல்லிங்க” என்றுதான் ஆரம்பித்தாள். “ஜன்னல தெறந்தா வண்டி. மூடினா புள்ளைக்கு மூச்சு முட்டும். ஒவ்வொரு வண்டி போறப்பவும், ‘அம்மா, என்னயும் இதுலதான் ஏத்துவாங்களா’ன்னு கேக்குது. மூணாவது அலை வருதுங்குறாங்க. வந்தா இந்தப் பக்கம் வண்டி வரக்கூடாது. அத மட்டும் நீங்க செஞ்சு குடுங்க. தெருவே ஒங்களுக்குப் போடும்.”

அந்தக் குழந்தை கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பாக்கலாம்மா” என்றேன்.

மறுநாள் பின்தெரு. அங்கே தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அவர் மனைவிக்கு டாக்சி அனுப்பியது நான்தான். மூன்றாவது ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது, அங்கே போய்ச் சேர்ந்த சில நாளில் அவள் இறந்துபோனாள். அவர் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். முதலிலேயே நல்ல இடம் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பார் என்று. அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“ஒங்களுக்கு இல்லாம யாருக்குப் போடப் போறேன்” என்றார். “ஆனா ஒன்னு. அவள எடுத்துக்கினு வந்த அன்னிக்கு முன்தெருவுல கயிறு கட்டி நிறுத்திட்டாங்க. வெயில்ல நிக்குது வண்டி. எறங்கிப் போய்க் கெஞ்சுறேன், ஒருத்தரும் கிட்ட வரல. மாடியில நின்னுக்கினு கைய ஆட்டுறாங்க, போ போன்னு. இனிமே யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது. கயிறு கட்டுனா அவுத்துவுடுவேன்னு நீங்க சொல்லணும்.”

அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“பாக்கலாங்க” என்றேன்.

நான் இரண்டு பேருக்கும் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு தெருவும் நான் கொடுத்துவிட்டதாக நம்பியது. டீக்கடையில் ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் மறுக்க, வாய்த்தகராறாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயில் பூசை முடிந்து வரும்போது எங்கள் வீட்டு முனையில் இரண்டு தெருக்காரர்களும் நின்றார்கள். எதிர் வேட்பாளரும் செய்தி கேட்டு வந்திருந்தாள். கூட்டத்தில் யாரோ, “சொல்லுங்க, வண்டி வருமா வராதா? ரெண்டுல ஒன்னு சொல்லுங்க” என்றார்.

ரிசப்ஷனில் இப்படி வந்தால் மேனேஜரைக் கூப்பிடுவோம். இங்கே கூப்பிட யாரும் இல்லை.

“எனக்குத் தெரியல” என்றேன். மாஸ்க்குக்குள்ளிருந்து சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “எனக்கு நெஜமாவே தெரியல. அந்தம்மா சொன்னப்ப அது நியாயமா இருந்துச்சு. அவரு சொன்னப்ப இது நியாயமா இருந்துச்சு. நான் இன்னா பண்ணட்டும்?”

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. வேட்பாளர் இப்படிச் சொல்லக் கூடாது போலிருக்கிறது. என் எதிர்வீட்டுக்காரர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

முன்தெருத் தாய்தான் முதலில் பேசினாள். லேத் பட்டறைக்காரரைப் பார்த்து, “அண்ணா, அது ஒங்க வீட்டம்மான்னு சத்தியமா எங்களுக்குத் தெரியாது. நாங்க கயிறு கட்டுனது வண்டிக்குதான். ஒங்களுக்கு இல்ல” என்றாள்.

“வண்டிக்குள்ளதானம்மா நான் இருந்தேன்” என்றார் அவர்.

ஒரு ஸ்கூட்டர் வந்தது, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனது. அவள் முந்தானையை மாஸ்க்கின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தார். அழுவதா, திட்டுவதா, வீட்டுக்குப் போவதா என்று யாருக்கும் தெரியாத மாதிரி இருந்தது. எனக்கும்.

கணவர் அப்போது வீட்டுக்குள்ளிருந்து வரைபடத்தை எடுத்துவந்தார். அதை வீட்டு மதில்மேல் விரித்துப் பிடித்தார். பட்டறைப் பக்கமாக வாய்க்கால் ஓரத்தில் ஒரு மண்பாதை சுடுகாட்டுப் பின்வாசலுக்குப் போகிறது. அந்தப் பக்கம் வீடுகள் இல்லை. ஆனால் வாய்க்காலைத் தாண்டுகிற சின்னப் பாலத்தில் ஏறுகிற இடம் பள்ளமாகிக் கிடந்ததால் வண்டி போகாது.

“பள்ளத்த அடைச்சா ரெண்டு வழி ஆச்சு. எது வசதியோ அதுல போவட்டும்” என்றார். “முன்தெருவும் கயிறு கட்ட வேணாம், இவரும் அவுக்க வேணாம்.”

“யாரு அடைக்கிறது?” என்று ஒரு குரல்.

“ரப்பிஷ் வேணும்னா எங்க தெருவுல வீடு இடிச்சது ஒரு மேடு கெடக்கு” என்றாள் எதிர் வேட்பாளர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இது யார் கணக்கில் போகும் என்று அவள் யோசித்தது எனக்குப் புரிந்தது. நானும் அதையேதான் யோசித்தேன். அதற்குள் லேத் பட்டறைக்காரர், “பட்டறை டெம்போ இருக்கு” என்றுவிட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் வேலை நடந்தது. முன்தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். செங்கல் உடைசல், சிமெண்ட் கட்டி, உடைந்த ஓடு என்று டெம்போவில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. நானும் அவளும் சட்டியில் வாரிப் போட்டோம். சேலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. யாரோ போட்டோ எடுக்க வந்தபோது, இரண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கொண்டோம். தேர்தல் விதிப்படி இது செய்யலாமா கூடாதா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் அவளுக்குப் போன் வந்தது. அவள் புருஷன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், முகம் மாறியது.

“அக்கா, எலெக்‌ஷன் இல்லியாம்.”

“இல்லன்னா?”

“வார்டு ஒதுக்குனதுல ஏதோ தப்பாம். கோர்ட்ல கேஸாம். அறிவிப்ப வாபஸ் வாங்கிட்டாங்களாம்.”

“அப்ப நாம நிக்கலியா?”

“நின்னோம். ஆனா நிக்கல.”

சட்டியைக் கீழே வைத்துவிட்டு இருவரும் பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். லேத் பட்டறைக்காரர் அடுத்த லோடுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவரிடம் போய் இனிமேல் தேவையில்லை என்று சொல்ல வேண்டுமா? எதற்குத் தேவையில்லை? பள்ளம் பாதிதான் அடைந்திருந்தது. டெம்போ திரும்பி வந்தது, எழுந்து மறுபடி வாரிப் போட்டோம்.

பிறகு புதிய அறிவிப்பு ஒன்று வந்தது. இந்தத் தடவை எங்கள் வார்டு பெண்களுக்கு இல்லை, பொது. மளிகைக்கடை முன்னால் அவளைப் பார்த்தபோது, “இப்ப எங்க வீட்டுக்காரரே நிக்கிறேங்குறாரு” என்றாள். “நான் போய் அவருக்கு ஓட்டுக் கேக்கணுமாம். வீடு வீடா போனது நானு. எல்லாருக்கும் என் மூஞ்சிதான் தெரியும். மாஸ்க் போட்ட மூஞ்சி.” என் ஆட்கள் மறுபடி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். பொது வார்டில் பெண்ணும் நிற்கலாம் என்றார் டீக்கடைக்காரர். நான் அவளுடைய புருஷனுக்கு எதிராக நிற்பதா, அவளுக்கு எதிராக நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அதுவும் நின்றுபோயிற்று. மறுபடி கோர்ட், மறுபடி ஒத்திவைப்பு. செய்தியை இரண்டு சேனலில் மாற்றி மாற்றிக் கேட்டும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. கணவர், “பிரான்சுல இப்படி இல்ல” என்றார். “அப்ப அங்க போய் நிக்கட்டுமா?” என்று கத்தினேன். அவர் பாவம், வேர்க்கடலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ஜெயித்திருந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். தோற்றிருந்தாலும் தெரிந்திருக்கும். எதிர்வீட்டுக்காரர் சில நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், துக்கம் விசாரிக்கிற மாதிரி நின்றுவிட்டுப் போனார். பிரான்சிலிருந்து கணவரின் சித்தி போன் செய்து, “ஃபெலிசித்தாசியோன், மேர் ஆயிட்டியாமே” என்றாள். பிரெஞ்சில் வாழ்த்துகிறாளாம். செய்தி எப்படியோ கடல் தாண்டிப் போய் அங்கே பெரிதாகியிருந்தது. இல்லை என்று விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆகும் போலிருந்தது. “மெர்சி” என்று நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஓட்டலைத் திறந்தார்கள். மேனேஜர் கூப்பிட்டார். “நீங்க அரசியல்ல இருக்கீங்களாமே, வருவீங்களா?” என்றார். வருகிறேன் என்றேன். மறுபடி சேலை கட்டி, பெயர் அட்டை குத்திக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்தேன். ஒரு போனில் கடல் தெரிகிற அறை கேட்பார்கள். இன்னொரு போனில் தெருவிளக்கு எரியவில்லை என்பார்கள். ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் கார்டை மஞ்சளாக மாற்றிவிட்டார்கள் என்று ஒருத்தர் அழுவார். நான் கவுன்சிலர் இல்லை, தேர்தலே நடக்கவில்லை என்று சொல்வேன். “தெரியும்மா. யாருக்குப் போன் பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க” என்பார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொல்வேன்.

மூன்றாவது அலை வந்தது. இரண்டாவதைப் போல இல்லை. கடவுள் புண்ணியம், வண்டிகள் அதிகம் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு வண்டிகளும் முன்தெரு வழியாகவே போயின, ஏனென்றால் டிரைவர்களின் போனில் இருக்கும் மேப்புக்கு எங்கள் வாய்க்கால் பாதை தெரியாது. முன்தெருவில் கயிறு கட்டவில்லை. ஒரு வண்டி போகும்போது அந்தத் தாய் கேட்டில் நின்று கும்பிட்டதாகவும், குழந்தையும் கூட நின்றதாகவும் டீக்கடைக்காரர் சொன்னார். அப்படியானால் அந்தப் பாதையை எதற்குச் சரிசெய்தோம் என்று கேட்டேன். “அது கெடக்குதும்மா, இருக்கட்டும்” என்றார்.

அடுத்த பெருமழையில் ரப்பிஷ் பாதி அடித்துக்கொண்டு போய்விட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். தூறல் விடவில்லை. நான் போவதற்கு முன்பே அங்கே ஆள் நின்றது. லேத் பட்டறைக்காரர் டெம்போவைப் பின்பக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். முன்தெருத் தாயின் புருஷன் மண்வெட்டியோடு பள்ளத்துக்குள் நின்று, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ரைட்டு” என்று கை காட்டிக்கொண்டிருந்தார். என் எதிர் வேட்பாளர் தலையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்றாள். யாருக்கும் மாஸ்க் இல்லை. அவள் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவையோ என்னவோ. எனக்கும் அவளுக்கும் ஒரு சாயலும் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப் போனேன்.

“நீங்க போங்கக்கா, வேலைக்கு நேரமாவுது” என்றாள். “நாங்க பாத்துக்குறோம்.”

லேத் பட்டறைக்காரர் டெம்போவிலிருந்து தலையை நீட்டி, “ஆமாம்மா, போங்க. சேல பாழாவும்” என்றார்.

ஃபிளாஸ்கிலிருந்து யாரோ ஒரு பேப்பர் கப்பில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டு கரையில் நின்றேன். சந்தோஷப்பட வேண்டுமா, வருத்தப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. டீ சூடாகவும் அதிகச் சர்க்கரையாகவும் இருந்தது. டெம்போ ரப்பிஷைக் கொட்டியது. தூசி எழவில்லை, மழை ஈரம். கப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.